பொருட்காட்சியில் பாரிஸும் லண்டனும்: இன்னும் எடுபடுகிறதா? சேலம் பக்கத்து மூன்று ஊர்க்காரர்கள் சொல்வது

பள்ளப்பட்டி:
ஆடிப் பண்டிகைக்குச் சேலத்தில் போடும் பொருட்காட்சியில் வெளிநாட்டு முகப்பு செட்டுக்குக் கூட்டம் குறையவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் நிற்கிறது? வாசலில் ஒரு செல்ஃபி, அப்புறம் நேரே ராட்டினம், டெல்லி அப்பளம். பாரிஸ் வாசலோடு தீர்ந்துபோகிறது, உள்ளே அந்த ஊர் ஆளோ பண்டமோ கைவேலையோ இல்லை.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் எப்காட் என்ற டிஸ்னி பூங்கா 1982-ல் திறந்தது. ஏரியைச் சுற்றி 11 நாடுகள். அங்கே மொராக்கோ பகுதிக்கு மன்னர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞர்களையே அனுப்பினார். கையால் வெட்டிப் பதித்த ஓட்டுச்சில்லுகளை ஜனங்கள் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள். பிளக்ஸில் அச்சடித்த சுவரை யார் தொடுவார்கள்?

செவ்வாய்ப்பேட்டை:
அண்ணே சொன்னது சரி. ஆனாலும் முகப்பே ஒழுங்காக நின்றால்தானே மற்றது! ஆடிக் காற்றில் அம்மியே நகரும். பிளக்ஸை முழுசாக இழுத்துக் கட்டினால் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிச் சட்டத்தைச் சாய்த்துவிடும். ஈபிள் கோபுரம் என்றால் கம்பிச் சட்டமாகவே விடுங்கள், காற்று ஊடே போய்விடும். நாலு பக்கமும் இழுகம்பி, அடியில் மணல்மூட்டை.

தெர்மாகோல் சிற்பத்தில் எனாமலை நேராக அடிக்கவே கூடாது, அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிடும். ஃபெவிகாலில் நனைத்த காடாத்துணியை ஒட்டி, நன்றாகக் காயவிட்டு எமல்ஷன் அடிக்க வேண்டும். உயரம் காட்ட மேல்மாடிகளைப் போகப்போகச் சின்னதாக்குவது பழைய உத்தி. அந்த மாடியில் ஆளை மட்டும் ஏற்றாதீர்கள், ஜன்னலே அவர் இடுப்பளவுதான் என்று உடனே தெரிந்துவிடும். சீரியல் லைட்டுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பை வெட்டும் சுவிட்ச்) கட்டாயம், மழை ஈரத்தில் ஜாயின்ட்தான் முதலில் கசியும்.

ஏற்காடு:
மலைமேல் சிமெண்டில் வெளிநாடு கட்டுவது வீண், சார். ஒரு மழைக்காலத்திலேயே பாசி பிடித்துக் கறுத்துவிடும். ஜப்பானில் நாகசாகி பக்கம் டச்சு ஊரை அப்படியே எழுப்பிய ஹவுஸ் டென் போஷ் பூங்கா 1992-ல் திறந்து, 2003-ல் திவாலானது. பிற்பாடு அதற்குக் கூட்டம் சேர்த்ததில் பூவுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

கோடை விழாவில் பூ உருவம் செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம். கம்பிக்கூட்டில் ஈர ஃபோம் (தண்ணீரை உறிஞ்சி வைக்கும், பூ குத்தும் பஞ்சுக்கட்டி) அடைத்து, கார்னேஷன் காம்பை இரண்டு அங்குலம் விட்டுச் சாய்வாக நறுக்கிக் குத்துங்கள். ரோஜா சீக்கிரம் தலை தொங்கிவிடும், கார்னேஷன் தாங்கும். ஃபோமைத் தண்ணீரில் அமுக்காமல் தானாக மூழ்க விடணும். அமுக்கினால் நடுவில் காற்று நின்று, அந்த இடத்துப் பூ மட்டும் முதலில் வாடும்.

1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபி இந்த மலையில் இன்றும் காய்க்கிறது. வெளிநாட்டைக் காட்டணும் என்றால், பழம் பறிப்பதிலிருந்து வறுத்து அரைப்பது வரை அங்கேயே செய்து, சூடாக ஒரு டம்ளர் கையில் கொடுங்கள்.