சூடுதான் என்று நினைத்தேன்

கம்பம், ஜீப் ஓட்டுநர்:
ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் குமுளி மலை ஏறி இறங்குகிறவன் நான். சிறுநீர் போகும்போது எரிந்ததும், நாளெல்லாம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சூடு என்றே நினைத்தேன். இளநீர், வெந்தயம், மோர் என்று ஒரு வாரம் ஓட்டினேன். அப்புறம் காலையில் ஜட்டியில் பசை மாதிரி கறை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் வெளியூரில் நடந்தது அப்போதுதான் உறைத்தது.

ஊரில் காட்ட வெட்கம், மலைக்கு அந்தப் பக்கம் போனேன். நர்ஸ் சத்தமாக, "மூத்ரம் ஒழிக்கும்போ புகச்சில் உண்டோ?" என்றார். மலையாளம்தானே என்று தேற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் வரிசையில் பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள்!

ஒரு மணி நேரமாவது அடக்கி வைத்து, முதலில் வருவதைப் பிடித்துத் தரச் சொன்னார்கள். வழக்கமாக நடுவில் வருவதைத்தானே கேட்பார்கள்? இந்தக் கிருமி சிறுநீர்க் குழாயிலேயே இருப்பதால் முதலில் வருவதில்தான் சிக்குமாம். உறவு வழியாகத் தொற்றும் கிளமிடியா என்று வந்தது. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள். முழுதாக முடித்தேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் ஒன்றும் இல்லையே!

ஒரு மாதத்தில் திரும்ப வந்தது. டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, விட்டால் கருக்குழாய் கெடலாம் என்றார். சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், "எப்போ போகணும்?" என்றாள்.

போடி, மெடிக்கல் ஷாப்பில் வேலை:
"சூட்டு மாத்திரை குடுங்கண்ணே" என்று சிப்ரோ என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டு வருகிறவர்கள் நிறைய. வெட்டை என்று பெரியவர்கள் சொல்லும் கொனோரியாவாக இருந்தால் இப்போது அது பெரும்பாலும் கேட்காது, கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. அதற்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. உறவு கொண்ட சில நாளிலேயே சீழ் கொட்டும். கிளமிடியா மெதுவாக வரும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், ஆகவே ஊகித்து விழுங்காதீர்கள். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவில் மருந்து இலவசம்.

பாறசாலை, இல்லத்தரசி:
எனக்குக் கிளமிடியா இருப்பது கர்ப்பத்தில்தான் தெரிந்தது. டாக்சிசைக்ளின் கூடாதென்று அசித்ரோமைசின் ஒரே வேளை, 1 கிராம். விட்டிருந்தால் பிரசவத்தில் பிள்ளையின் கண்ணுக்குத் தொற்றியிருக்கலாமாம். வீட்டுக்காரருக்குத் தனக்கு எரிச்சல் இருந்தது முன்பே தெரியுமாம். இன்னும் கோபம் போகவில்லை.

கம்பம், ஜீப் ஓட்டுநர்:
அக்கா, உங்கள் கோபம் நியாயம். நாங்கள் இருவரும் சேர்ந்தே மாத்திரை எடுத்தோம், 7 நாளும் தனித்தனியே படுத்தோம். 3 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். காலண்டரில் அவளே தேதியை வட்டமிட்டு வைத்திருக்கிறாள், எதற்கென்று எழுதவில்லை.