பொது வைஃபையில் மின்னஞ்சல்: நம்மவர்கள் பட்டதும் பார்த்ததும்

பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்:

சிறு நிறுவனங்களுக்குக் கணினியும் மின்னஞ்சலும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். லாரிப் போக்குவரத்து நடத்தும் பெரியவர் ஒருவர் மடிக்கணினியுடன் வந்தார். அலுவலகத்தில் ஒழுங்காகப் போகும் மின்னஞ்சல், மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்து அனுப்பினால் அவுட்பாக்ஸிலேயே நின்றுவிடுகிறது என்றார்.

அமைப்பைத் திறந்து பார்த்தேன். அனுப்புவதற்குப் போர்ட் (தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்) 25, வாங்குவதற்கு 110, குறியாக்கம் (பிறர் படிக்காதபடி தகவலை மறைப்பது) என்ற இடத்தில் ‘இல்லை’. குப்பை அஞ்சலைத் தடுப்பதற்காகப் பல இணையச் சேவைகள் 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கின்றன. அவர் கடிதம் நின்றது அதனால்தான். எனக்குத் திக்கென்றது வேறொன்று. போகாத கடிதத்துக்காக அவர் கவலைப்பட்டார்; வந்துகொண்டிருந்த கடிதங்களைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மடிக்கணினி புது அஞ்சல் வந்திருக்கிறதா என்று தானே கேட்கும். ஒவ்வொரு முறையும் அவருடைய கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் கடை வைஃபையில் போய்க்கொண்டிருந்தது.

வாயால் சொன்னால் புரியாது என்று, என் பட்டறையில், என் சொந்த வைஃபையில், அவர் சம்மதத்துடன், வலையில் போகும் தகவலைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டுக் காட்டினேன். (அடுத்தவர் தகவலை அனுமதியின்றி இடைமறிப்பது மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவின்படி குற்றம். கடையில் போய் யாரும் முயன்று பார்க்காதீர்கள்.) ‘யூசர்’ என்ற கட்டளைக்குப் பக்கத்தில் அவர் முகவரி, ‘பாஸ்’ என்பதற்குப் பக்கத்தில் பேத்தியின் பெயரும் பிறந்த ஆண்டும் அப்படியே தெரிந்தன. ஓட்டுநர்களின் மைகாட் அடையாள அட்டை நகல்கள், இபிஎஃப் சேமநிதி விவரங்கள் எல்லாம் அந்த அஞ்சல் பெட்டியில்தான் கிடந்தன. பெரியவர் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, “தம்பி, இப்போதே மாற்றிவிடுங்கள்” என்றார்.

மாற்றியது இவ்வளவுதான்: வாங்குவதற்கு ஐமேப் என்ற அஞ்சல் முறை, போர்ட் 993. அனுப்புவதற்கு 465. இரண்டிலும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்ற குறியாக்கம். கடவுச்சொல்லும் புதியது. அனுப்புவதற்கு 587 வைத்திருப்பவர்கள், திறந்தபடி தொடங்கிப் பிறகு குறியாக்கத்துக்கு மாறும் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். சில பழைய மென்பொருள்களில் ‘கிடைத்தால் பயன்படுத்து’ என்றொரு தேர்வு உண்டு. அதைத் தொடவே வேண்டாம். நடுவில் நின்று ஒட்டுக்கேட்பவன் “இங்கே குறியாக்கம் கிடையாது” என்று பொய்ப் பதில் தந்தால், மென்பொருள் அதை நம்பிக் கடிதத்தைத் திறந்தபடியே அனுப்பிவிடும். முதல் நொடியிலிருந்தே குறியாக்கம் இருக்கும் 993, 465 போர்ட்டுகளையே 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் பரிந்துரைக்கிறது.

கடையில் வைஃபைக்குக் கடவுச்சொல் கேட்கிறார்களே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. சுவரில் ஒட்டியிருக்கும் அந்தச் சொல் எல்லா மேசைக்கும் பொது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறையில், அதை அறிந்த ஒருவன் நீங்கள் இணையும் கணத்தைப் பதிவு செய்துவிட்டால் உங்கள் வைஃபைத் தகவலைப் பிரித்துப் படிக்க முடியும். அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ3 அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் கடைக்காரர் எதை வைத்திருக்கிறார் என்று நாம் போய் விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா?

பட்டர்வொர்த் உறுப்பினர்:

அண்ணா, உலாவியில் ஜிமெயில் திறப்பவர்களுக்கு இந்தப் போர்ட் கவலை இல்லை அல்லவா? 2010லிருந்தே அங்கே எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்க இணைப்பு இயல்பாக இருக்கிறது, 2014இல் அதைக் கட்டாயமாக்கியும் விட்டார்கள்.

எங்கள் கணக்காய்வு அலுவலகத்தில் வந்தது வேறு சிக்கல். ஜார்ஜ்டவுனில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் காப்பிக் கடையில் மடிக்கணினியைத் திறந்தவுடன், ‘சான்றிதழ் பொருந்தவில்லை, தொடரலாமா?’ என்று அவுட்லுக் அஞ்சல் மென்பொருள் கேட்கும். (சான்றிதழ் என்பது சேவையகம் தன்னை அடையாளம் காட்டும் சீட்டு.) தினமும் கேட்பதால் ‘ஆம்’ என்று தட்டிப் பழகிவிட்டார்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: கடையின் வரவேற்புப் பக்கத்தில் நுழையும்வரை அந்த வைஃபை எல்லா இணைப்பையும் தன் பக்கமே திருப்பிவிடும். திருட்டு எதுவும் இல்லை. ஆனால் உண்மையாகவே ஒருவன் நடுவில் நின்றாலும் அதே கேள்விதான் திரையில் வரும். ‘ஆம்’ என்று பழகிய விரல் அன்றைக்கும் ‘ஆம்’ என்றுதான் தட்டும். அதனால் கண்டிப்பாக ஒரு விதி போட்டேன். முதலில் ‘வேண்டாம்’. உலாவியைத் திறந்து வரவேற்புப் பக்கத்தை முடித்துவிட்டு, பிறகு அஞ்சல். அப்போதும் கேள்வி வந்தால் அந்த வைஃபையை விட்டு வெளியேறிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி முணுமுணுத்தாள். வரி விவரங்களைக் கையாளும் அலுவலகத்தில் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செந்தூல் உறுப்பினர்:

நான் மாணவன். ஒரு வணிக வளாகத்தில் ஒரே பெயரில் இரண்டு வைஃபை தெரிந்தன. ஒன்றில் இணைந்தபோது, இணையம் வேண்டுமானால் மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் தருமாறு பக்கம் கேட்டது. மூடிவிட்டு வந்துவிட்டேன். 2024இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் மீது வழக்குத் தொடுத்தார்களே, அதே முறை: பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானத்திலும் போலி வைஃபை அமைத்து, இணைந்தவர்களிடம் மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு விவரங்களைக் கேட்டதாகக் குற்றச்சாட்டு. இங்கே யாராவது அப்படிக் கொடுத்துவிட்டிருந்தால் என்ன செய்வது? இணைப்பை மறைத்துக் கொண்டுபோகும் விபிஎன் சேவையைப் போட்டால் போதுமா?

பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்:

மூடியது மிக நல்ல காரியம், தம்பி. வைஃபைக்குள் நுழைய உங்கள் அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் எந்தக் கடைக்கும் தேவையில்லை. நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால் விபிஎன் காப்பாற்றாது. நம் சாதனத்துக்கும் விபிஎன் நிறுவனத்துக்கும் இடையிலான பாதையைத்தான் அது மறைக்கும்.

கொடுத்துவிட்டவர்கள் கைத்தொலைபேசித் தரவுக்கு மாறி உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போடுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள்: அமைப்புகளில், வரும் கடிதத்தை வேறு முகவரிக்குத் தானே அனுப்பும் ‘முன்னனுப்புதல்’ பகுதியைத் திறந்து, அறியாத முகவரி எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் மாறினாலும் அந்த வழியாக உங்கள் கடிதங்கள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிலும் புகார் கொடுங்கள்.

இன்னொன்று, பட்டர்வொர்த் உறுப்பினருக்கும் சேர்த்து: டிஎல்எஸ் பாதுகாப்பது நம்மிடமிருந்து நம் அஞ்சல் சேவையகம் வரைக்கும்தான். அதற்கு அப்பால் பெறுபவரின் பெட்டியில் கடிதம் திறந்தபடிதான் இருக்கும். வரி ஆவணமாக இருந்தால் பிடிஎஃப் கோப்பையே கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்புங்கள். அந்தச் சொல்லைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அதே மின்னஞ்சலில் எழுதாதீர்கள்.