சிபாரிசுக் கடிதத்தில் வீட்டு நிலைமையை எழுதலாமா?

வணக்கம். மும்பையில் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறேன். தாராவியைச் சேர்ந்த நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, என் மாணவி, ஐரோப்பாவில் முதுகலை படிக்க எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். மாதம் 1,400 யூரோ, குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு. சிபாரிசுக் கடிதம் கேட்டிருக்கிறாள்.

இங்கே வழக்கம் தெரியுமே, "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பதுதான். எனக்கு அதில் இஷ்டமில்லை. "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்பதை யாருக்கும் எழுதலாம். இவளைப் பற்றிச் சொல்ல உருப்படியான விஷயம் இருக்கிறது. மும்பையில் கடலோடு கலக்கும் மித்தி ஆற்று நீரில் ஆக்சிஜன் அளவு பார்த்தபோது ஒரு எண் மட்டும் எகிறி நின்றது. அதை அடித்துவிட்டு வரைபடம் போடலாம் என்றார்கள் கூட இருந்தவர்கள். இவள் கடல் ஓதம் ஏறும் நேரம், இறங்கும் நேரம் பார்த்துப் போய் மறுபடி அளந்தாள். இதை விரிவாக எழுதப் போகிறேன்.

குழப்பம் இதில்தான்: அப்பா சைக்கிளில் இட்லி விற்பவர். விடியுமுன் மாவு வேலை முடித்துவிட்டு வருவாள். இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் சரிந்ததற்கும் அதுதான் காரணம். எழுதினால் இரக்கம் கேட்பதுபோல் ஆகுமா? விட்டுவிட்டால் அந்த மதிப்பெண் கண்ணை உறுத்தாதா? அவளிடம் கேட்டுத்தான் எழுதுவேன், அது வேறு.

தேர்வுக் குழுவில் இருந்தவர்கள், இந்த உதவித்தொகையில் போனவர்கள் சொல்லுங்கள். பெயரை மறைத்து ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பினால் இன்னும் நல்லது.