கர்ப்பத்தில் அதிக எடை: பரிசோதனைக்குப் போகவே கூசுகிறது

கேள்வி (காவிரிக்கரை):
எனக்கு இது தலைப்பிரசவம். 14ஆவது வாரம் நடக்கிறது. உயரம் 158 செ.மீ., எடை 88 கிலோ. சென்ற பரிசோதனையில் நான் எடைக் கருவியில் ஏறியதும், அங்கிருந்த ஊழியர் எண்ணை உரக்கப் படித்துவிட்டு, "இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படிப் பெறப் போகிறாய்?" என்று வரிசையில் நின்றவர்கள் காதுபடக் கேட்டார். அன்றிலிருந்து சரியான உறக்கமில்லை. அடுத்த தேதிக்கும் போகவில்லை. வீட்டில் மாமியாரோ இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு என்கிறார். உண்மையில் ஆபத்து எவ்வளவு?

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலி):
சகோதரிக்கு, உங்கள் உடல் நிறை குறியெண் (BMI, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஏறத்தாழ 35. இந்தியர்களுக்கு 25 ஆனாலே பருமன் என்றுதான் கணக்கு. கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிசேரியன், தையல் ஆறத் தாமதம், காலில் ரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கு வாய்ப்புக் கூடுதல் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் இதே எடையில் சிக்கலின்றிப் பெற்றுச் சென்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தேதி தவறாமல் வந்தவர்கள்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை. இப்போது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். தலைப்பிரசவமும் 35ஐ எட்டிய குறியெண்ணும் சேர்ந்திருப்பதால், அழுத்தச் சிக்கலைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அதை 16 வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் இல்லாத அழுத்தத்தையும் இருப்பதாகக் காட்டும், ஆகவே பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள்.

இப்போது மெலிய முயல வேண்டாம். கர்ப்பகாலம் முழுவதற்கும் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவே தேவையில்லை என்பதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பதில் 2 (இரு பிள்ளைகளின் அம்மா):
நான் 92 கிலோவில் பெற்றவள். எனக்கு உடம்பைவிட மனந்தான் அதிகம் படுத்தியது. பால் இறங்க ஐந்து நாளாயிற்று. எடை கூடியவர்களுக்கு அப்படித் தாமதமாவதுண்டு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், "இவ்வளவு உடம்பிருந்தும் பாலில்லையே" என்ற உறவினர் பேச்சை உண்மையென்றே நம்பி அழுதுகொண்டிருந்தேன். அது பேறுகால மனச்சோர்வு என்று பின்னர் மருத்துவர் பத்துக் கேள்விகள் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். உறக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் பொறுத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காவிரிக்கரை:
இருவருக்கும் நன்றி. நாளை கணவரோடு போகிறேன். எடை பார்க்கும் இடத்தை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

ஓய்வுபெற்ற செவிலி:
எண்ணை அட்டையில் எழுதினால் போதும், படிக்க வேண்டாம் என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.