விண்டோஸின் டி டிரைவில் லினக்ஸிலிருந்து எழுத முடியவில்லை

கேள்வி:
விண்டோஸ் 10 இருக்கும் லேப்டாப்பில் போன வாரம் லினக்ஸ் மின்ட்டும் போட்டேன். அப்பா எழுதி வைத்த கட்டுரைகளைத் தட்டச்சு செய்து, 14 அத்தியாயங்களாக டி டிரைவில் வைத்திருக்கிறேன். மின்ட்டில் திறந்து படிக்க முடிகிறது. திருத்திச் சேமிக்கப் போனால் 'ரீட் ஒன்லி' என்கிறது. சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு, எல்லோருக்கும் அனுமதி தரும் சிஎச்மாட் 777 கட்டளையைக் கொடுத்தும் அசையவில்லை. 'ரிமூவ்_ஹைபர்ஃபைல்' என்ற ஆப்ஷனோடு டிரைவை மவுண்ட் செய்யச் (லினக்ஸோடு இணைக்கச்) சொல்லி ஓரிடத்தில் படித்தேன். செய்யலாமா? அப்பாவின் கையெழுத்துப் பிரதி பாதி கரையான் அரித்துப் போனது, இருப்பது இந்த ஃபைல்கள்தான்.

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். முதலில் அந்த 14 ஃபைல்களையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். படிக்கத்தான் முடிகிறதே, அது போதும்.

அந்த ஆப்ஷனை நான் ஒருமுறை போட்டேன். விண்டோஸில் கணக்கு வேலையைத் திறந்து வைத்தபடியே ஹைபர்னேட் செய்திருந்தேன், அதாவது நிலையை டிஸ்கில் சேமித்துத் தூங்க வைத்திருந்தேன். அந்த நிலை சேமிக்கப்பட்ட ஹைபர்ஃபில் என்ற ஃபைல் அழிந்ததும், சேமிக்காமல் விட்ட மூன்று மணி நேர வேலையும் அதோடு போய்விட்டது.

உங்களுக்கு நடப்பது அனுமதிச் சிக்கல் அல்ல, அதனால்தான் சிஎச்மாட் பலிக்கவில்லை. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. தன் கெர்னலின் (மையப் பகுதியின்) நிலையை டிஸ்கில் எழுதிவிட்டுப் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. டி டிரைவில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அதன் நினைவில் அப்படியே நிற்கிறது. இந்த நேரத்தில் லினக்ஸ் அதில் எழுதினால், விண்டோஸ் பழைய கணக்கோடு எழுந்து வந்து மேலேயே எழுதிவிடும். ஃபைல்கள் சிதையும். மின்ட் எழுத மறுப்பது உங்கள் அப்பாவின் எழுத்தைக் காப்பாற்றத்தான்.

இன்றே சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். அது முழுதாக மூடும். எந்த இயங்குதளம் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் மெனுவில் மின்ட்டைத் தேர்ந்தெடுத்தால் எழுத முடியும். நிரந்தரமாக வேண்டுமென்றால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு என் கணினியில் அந்த டிக் தானாகத் திரும்பி வந்திருந்தது, அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். டிக் எடுத்தும் ரீட் ஒன்லி என்றால், விண்டோஸுக்குள் போய் டி டிரைவுக்குச் செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்டுங்கள். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கருவி சில சின்னப் பிழைகளைத்தான் சரிசெய்யும், செக்டிஸ்க்குக்கு அது ஈடில்லை.

கேட்டவர்:
நகல் எடுத்துவிட்டேன். ரீஸ்டார்ட் செய்ததும் எழுத முடிந்தது, டிக்கையும் எடுத்துவிட்டேன். டி டிரைவ் தானாக மவுண்ட் ஆகட்டும் என்று எஃப்எஸ்டேபில் (எந்த டிரைவை எப்படி இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் ஃபைலில்) ஒரு வரி சேர்த்தேன். இப்போது ஒரே ஒரு ஃபைல் மட்டும் விண்டோஸில் திறக்க மறுக்கிறது. மின்ட்டில் நான் வைத்த பெயர் 'அத்தியாயம் 9: கிணறு'.

பதில் 1:
அந்த முக்காற்புள்ளிதான் காரணம். லினக்ஸ் அதை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது, கேள்விக்குறியும் அப்படியே. மின்ட்டிலிருந்தே பெயரை மாற்றுங்கள். எஃப்எஸ்டேப் வரியில் 'விண்டோஸ்_நேம்ஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், இனி இப்படிப் பெயர் வைக்கும்போதே தடுத்துவிடும்.

கேட்டவர்:
பெயரை மாற்றினேன், 'கிணறு' இரண்டு பக்கமும் திறக்கிறது. இன்று இரவு பத்தாவதை ஆரம்பிக்கிறேன்.