டெக்சாஸ்ல மீன்பிடி லைசன்ஸ், வேட்டை லைசன்ஸ்: எச்1பி வேலை விசால இருக்கவங்க எடுக்கலாமா?

டாலஸ்வாசி:
வணக்கம் மக்களே. எச்1பில டாலஸ் வந்து எட்டு மாசம் ஆச்சு. லேக்ல மீன் பிடிக்கப் போகணும்னு பையன் ஒரே நச்சரிப்பு, அவனுக்கு 10 வயசு, ஊர்லருந்து அப்பாவும் பி2 டூரிஸ்ட் விசால வந்திருக்காரு. நமக்கெல்லாம் லைசன்ஸ் குடுப்பாங்களா, குடுத்தா எந்த ரேட்டு? ஆபீஸ்ல ஒருத்தர் நவம்பர்ல மான் வேட்டைக்கு வேற கூப்பிடுறாரு, போலாமா?

தூண்டில்காரன்:
தாராளமா எடுக்கலாங்க. இதுல சிட்டிசன்ஷிப் பாக்குறதில்ல, தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல டெக்சாஸ்ல குடியிருந்தா ரெசிடென்ட் ரேட்டு, லேக்குக்கு மட்டும்னா 30 டாலர். 17 வயசு ஆகாத பசங்களுக்கு மீன்பிடிக்க லைசன்ஸே வேணாம். அப்பாவுக்குத்தான் கவனம், சீனியர் சலுகை ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான், அதனால அவருக்கு ஒரு நாள் லைசன்ஸ் 16 டாலருக்கு எடுத்துடுங்க. "சும்மா ஒரு நிமிஷம் ராடைப் பிடிச்சாரு"ன்னு லைசன்ஸ் செக் பண்ற வார்டன்கிட்ட சொன்னா எடுபடாது.

கரையோரம்:
அப்பாவோட போறதுன்னா ஸ்டேட் பார்க் போங்களேன், பார்க்குக்குள்ள கரையில நின்னு பிடிக்க யாருக்கும் லைசன்ஸ் வேணாம். நுழைவுக் கட்டணம் உண்டு, எத்தன மீன் எடுக்கலாங்கிற லிமிட்டும் உண்டு.

ஹூஸ்டன் அண்ணாச்சி:
தம்பி, வேட்டை விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. எச்1பி, எச்4, எஃப்1 மாதிரி விசால இருக்கவங்க துப்பாக்கி வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம், நண்பரோட துப்பாக்கிய கையில வாங்கினாலும் அதேதான். கிரீன் கார்டுக்காரங்களுக்கு இந்தத் தடை இல்ல. நமக்கு இருக்கிற முக்கியமான விலக்கு, அமெரிக்காவுல முறையா வாங்கின வேட்டை லைசன்ஸ் கையில இருக்கணும். அதனால முதல்ல லைசன்ஸ், அப்புறம்தான் துப்பாக்கியத் தொடணும், சுட்டுப் பழகுறதுக்கு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனாலும் இதே கதைதான். 1971 செப்டம்பர் 2 இல்ல அதுக்கப்புறம் பொறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸும் முடிச்சிருக்கணும். பையனும் வேட்டையாடுறதா இருந்தா அவனுக்கும் தனி லைசன்ஸ் வேணும், மீன்பிடி மாதிரி வயசுச் சலுகை இதுல கிடையாது.

டாலஸ்வாசி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, இது எனக்குத் தெரியவே தெரியாது. கோர்ஸ் முடிச்ச சர்டிஃபிகேட் மட்டும் இருந்தா போதுமா?

ஹூஸ்டன் அண்ணாச்சி:
போதாது தம்பி, லைசன்ஸேதான் வேணும். அதுவும் ஆகஸ்ட் 31ஓட காலாவதி ஆயிடும், செப்டம்பர் 1லருந்து புதுசு. நவம்பர்ல போறீங்கன்னா புது சீசன் லைசன்ஸ்தானான்னு தேதியப் பாத்துட்டு வண்டி ஏறுங்க.