மேற்கு பார்த்த தேக்குக் கதவு: வெயில் தாங்கும் தெளிவான பூச்சு எது?

பாளைவீடு:
வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் தலைவாசல் மேற்கு பார்த்தது. 2021ல் தேக்கில் ஒற்றைக் கதவு போட்டோம். பாலிஷ்காரர் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) மூன்று கோட், மேலே மெலமைன் இரண்டு கோட் அடித்துக் கொடுத்தார், பால் காய்ச்சிய அன்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. இரண்டாவது கோடையிலேயே கீழ்ப்பாதியில் வெடிப்பு விட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு வெள்ளையாகப் பூத்து, இப்போது நகத்தால் நெம்பினால் சருகு மாதிரி உரிகிறது, அடியில் மரம் சாம்பல் நிறம். சன்ஷேடு 2 அடி இருக்கிறது, ஆனால் 3 மணிக்கு மேல் வெயில் அதற்குக் கீழே நுழைந்து நேராகக் கதவில்தான் விழுகிறது. அப்பா அலைந்து திரிந்து வாங்கிய மரம் அது, பெயின்ட் அடித்து ரேகையை மறைக்க மனசு வரவில்லை. கடைக்காரர் டூகே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பாலியூரித்தேன்) என்கிறார், ஆசாரி ஆளிவிதை எண்ணெய் போதும் என்கிறார். எதை அடித்தால் நிற்கும்?

உளிச்சத்தம்:
முதலில், மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கானது. அது கெட்டியாக இறுகிவிடும், மரமோ மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும், கூடவே நீள முடியாமல் பூச்சு வெடிக்கிறது, அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வெயில். தெளிவான பூச்சு என்றால் புற ஊதாக் கதிரும் அதன் வழியாக மரத்துக்குப் போகிறது என்று அர்த்தம். மர இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினை அந்தக் கதிர் சிதைத்துவிடும், பூச்சு நன்றாகவே இருந்தாலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும் மரம் பொடியாகிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறம் அதுதான். நேரடி வெயிலில் தெளிவான வார்னிஷ் ஓரிரு வருடம்தான் என்று அமெரிக்காவில் மேடிசனில் இருக்கும் வன விளைபொருள் ஆய்வகமே சொல்கிறது, நம் ஊர் மேற்கு வெயிலுக்குக் கேட்க வேண்டாம்.

அதனால் என் யோசனை: படகுக் கட்டைகளுக்கு அடிக்கும் மரைன் ஸ்பார் வார்னிஷ். எண்ணெய்ப் பங்கு அதிகம் என்பதால் வளைந்து கொடுக்கும், நல்ல டப்பாவில் புற ஊதாத் தடுப்பானும் இருக்கும். அதற்கு அடியில் லேசான பழுப்பு ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு) ஒரு கோட் கட்டாயம். நிறமித் துகள் உள்ள ஸ்டெயினாகக் கேட்டு வாங்குங்கள், இரும்பு ஆக்சைடு நிறமிதான் கதிரை உண்மையாகத் தடுப்பது. வெறும் சாய ஸ்டெயின் வெயிலில் வெளுத்துப் போகும். ரேகை அப்படியே தெரியும், நிறம் மட்டும் ஒரு படி கூடும்.

கோவைமரம்:
டூகே பியூவை இவ்வளவு சுலபமாக ஒதுக்க வேண்டாம். எங்கள் கதவு தெற்கு, மேலே நல்ல போர்டிகோ, அலிபாட்டிக் ஹார்டனர் (வெயிலில் எளிதில் மஞ்சளாகாத வகை) கலந்த வெளிப்புற பியூ அடித்து ஐந்து வருடம் ஆகிறது, இன்னும் மஞ்சளாகக்கூட மாறவில்லை. டப்பாவில் எக்ஸ்டீரியர் என்று தெளிவாக இருக்க வேண்டும். அடியில் சாதாரண என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர் அடிக்க விடாதீர்கள், பியூ சீலர்தான்.

உளிச்சத்தம்:
போர்டிகோவுக்கு உள்ளே என்றால் நானும் பியூதான் சொல்வேன், அங்கே அது அருமையான பூச்சு. இவருடையது திறந்த மேற்கு. அங்கே பியூவும் ஒருநாள் தோற்கும், தோற்றால் முழுக் கதவையும் சுரண்டி மரம் வரை போக வேண்டும். ஸ்பார் வார்னிஷ் என்றால் மினுமினுப்பு மங்கத் தொடங்கியதும், அதாவது வெடிக்கும் முன்பே, 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இன்னொரு கோட் ஏற்றிவிடலாம். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். நாமே பழுது பார்க்கக்கூடிய பூச்சு வேண்டும், அதுதான் முக்கியம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது சாம்பல் மரம். அதன் மேல் எதுவும் ஒட்டாது. ரிமூவர் போட்டுப் பழைய பூச்சை எடுத்து, 80, 120, 180 என்று புது மரம் தெரியும்வரை தேயுங்கள். தேய்த்த கதவை வெயிலில் சும்மா போட்டு வைக்காதீர்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் ஸ்டெயின். அது நன்றாகக் காய்ந்த பிறகு முதல் வார்னிஷ் கோட்டில் சரிபாதி டர்பன்டைன் கலந்து ஊற விடுங்கள், அப்புறம் நாளுக்கு ஒன்றாக ஐந்து கோட். கதவின் மேல், கீழ் ஓரங்களை யாரும் அடிப்பதில்லை. தண்ணீரை உறிஞ்சுவது அந்த வெட்டு முகம்தான், அங்கே கூடுதலாக அடியுங்கள்.

திண்ணை:
எண்ணெய் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் பழைய வீட்டில் பட்டது. பச்சை ஆளிவிதை எண்ணெய் சீக்கிரம் காயாது, தூசி ஒட்டும், மழைக்காலத்தில் கரும்பூஞ்சை பிடிக்கும். மாதக்கணக்கில் அதோடு போராடினோம். கொதிக்க வைத்ததாக விற்கும் எண்ணெய் காயும், ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை வாசற்படி கழுவி மஞ்சள் பூசுவீர்கள்தானே? கீழ்ப்பாதி மட்டும் முதலில் போனதற்கு அந்தத் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். வாளியோடு வீசாமல் துணியால் துடைத்துவிட்டால் போதும். மதியத்துக்கு மேல் சன்ஷேடிலிருந்து ஒரு மூங்கில் தட்டியை இறக்கிவிடுங்கள், எந்த டப்பாவையும்விட அது அதிகம் காப்பாற்றும்.

பாளைவீடு:
வாளியோடு வீசுவதுதான் வழக்கம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஸ்டெயினும் ஸ்பார் வார்னிஷும் என்று முடிவு, தட்டியும் வாங்கிவிடுகிறேன். மழை முடிந்து தை மாதம் ஆரம்பிக்கலாமா? கதவைக் கழற்றினால் ராத்திரி வாசலுக்கு என்ன செய்வது?

உளிச்சத்தம்:
தை, மாசி சரியான நேரம். ஓரங்களுக்கு மட்டும் ஒருநாள் காலையில் கழற்றி அடித்துவிட்டு, காய்ந்ததும் ராத்திரிக்குள் மாட்டிவிடலாம். மற்றதெல்லாம் நிலையில் இருக்கும்போதே செய்யலாம். தினமும் காலையில் அடியுங்கள், சூடான மரத்தில் அடித்தால் குமிழி விடும், மேற்கு வெயில் வந்து சேர்வதற்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும்.